இடது கை முந்தும்

தலைஞாயிறு கொள்முதல் நிலையம்.
நானூறு மூட்டை படுதாவுக்கு அடியில்.
லாரி நாளைக்கும் வராதாம்.

காதில் ஒரு பியானோ.
வாசித்தவர் பெயர் திரையில் பாதிதான் தெரிகிறது,
வருடம் மட்டும் முழுசாக: 1926.
இசைக்கு முன்னே இரைச்சல் வந்துவிடுகிறது,
தூற்றும்போது பதர் பறக்கிற மாதிரி.
அதற்குப் பின்னால் எங்கோ
ஒரு மனிதர் அவசரமில்லாமல் வாசிக்கிறார்.

வேம்பையன் இயர்போனின் ஒரு பக்கத்தை
வாங்கிச் செருகினான். உடனே எழுந்தான்.
"மழை சார்."
படுதாவை இழுத்துக் கட்டி
ஒரு கல்லை நகர்த்தி வைத்து
அண்ணாந்து பார்த்தான்.
அத்தனை நட்சத்திரம்.

திரும்ப வந்து கேட்டான்:
"ஒரு கை முந்துது, ஒரு கை பிந்துது.
ரெண்டுக்கும் சண்டையா?"
அந்தக் காலத்தில் அப்படித்தான் என்றேன்.
இடது கை முதலில் இறங்கும்,
ராகம் அப்புறம்தான் வந்து சேரும்.
"தலைமடைக்கு முதல்ல பாயுது" என்றான்
கடைமடையில் உட்கார்ந்துகொண்டு.

நடுவில் ஒரு தப்புக் கட்டை.
வாசித்தவருக்கும் கேட்டிருக்கும்.
நிற்கவில்லை; மெழுகில் விழுந்தது விழுந்ததுதான்.

மத்தியானம் மீட்டர் பதினேழு காட்டியது.
பத்தொன்பது என்று எழுதிவிட்டேன், கண் அசந்து.
சம்மனசுமேரி ஒன்றும் கேட்கவில்லை.
பதினோரு மூட்டையையும் வண்டியில் ஏற்றித்
திரும்பிப் போனாள்.

வாசிப்பு முடிந்தும்
இரைச்சல் கொஞ்ச நேரம் ஓடியது.
வேம்பையன் தூங்கியிருந்தான்,
படுதாக் கயிறு கையில்.
பேனாவை எடுத்தேன்.
பேரேடு அறைக்குள் பூட்டியிருந்தது,
சாவி சூப்பர்வைசரிடம்.