எட்டு மணிக்குள்ள வருமா

"உங்களுக்குப் பிடிச்ச படம் எதுண்ணே?"
செம்மண்டலம் பிரிவு அலுவலகத்தில்
மழை நிற்கக் காத்திருந்தபோது
புதிதாகச் சேர்ந்த தனவேல் கேட்டான்.
கலியபெருமாள் கத்திச்சண்டைப் படம் ஒன்றைச் சொன்னார்.
எஸ்தர் மேடம் எதையோ சொல்லவந்து
சொல்லாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.
என் முறை.
முழுசாய்ப் பார்த்தது எது என்று
யோசித்துக்கொண்டிருந்தேன்.

வயர்மேன் பார்க்கும் படம்
எப்போதும் நடுவில்தான் தொடங்கும்.
ஒருமுறை முதுநகர்க் கொட்டகையில்
பியூஸ் போய் ஓடினேன்.
சரிசெய்ததற்கு ஆபரேட்டர் கொடுத்த கூலி,
சுவரோட்டை வழியே கடைசிக் கால் மணி நேரம்.
ஒருத்தன் பேருந்தில் ஏறுகிறான்.
ஒருத்தி ஏறவில்லை.
அவன் யார், அவள் யார், என்ன தகராறு,
தெரியாது.
இன்றைக்கும் புதுச்சேரி பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்தால்
கீழே நிற்கிற முகங்களை
ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் கேட்பேன்.

நீளமாய்ப் பார்த்தது ஒரே ஒரு தொடர்.
அஞ்சலாட்சிக்காக உட்கார்ந்தேன் என்பது
வெளியே சொல்லிக்கொள்வது.
மூத்த மருமகள் நகைப்பெட்டியைத் திறக்கிறாள்,
உள்ளே மடித்த கடிதம்,
அவள் கண் விரிகிறது, மறுபடி விரிகிறது,
மூன்றாம் முறையும் விரிகிறது,
தொடரும்.
மறுநாள் அவள் அதைப் பிரிப்பதற்குள்
புயல் வந்துவிட்டது.
தானே என்று பேர் வைத்திருந்தார்கள்,
தானே வந்து தானே போய்விடும் என்பதுபோல.

பலா சாய்ந்தது. முந்திரி சாய்ந்தது.
சாய்ந்த கம்பங்களை எழுத
நோட்டு போதவில்லை.
மதுரையிலிருந்து வந்த ஆட்களோடு
குறிஞ்சிப்பாடிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் படுத்து
பொட்டலச் சோறு தின்று குழி தோண்டினோம்.
குடிதண்ணீருக்கு மறியல், மோட்டாருக்கு மறியல்.
ஓர் அம்மாள் மட்டும் கூட்டம் கலைந்தபின்
தணிந்த குரலில் கேட்டாள்:
"எட்டு மணிக்குள்ள வருமா?"
எனக்குப் புரிந்தது.
எனக்கும் அதே கவலை.

இருபத்து மூன்றாம் நாள், ஒரு குக்கிராமம்.
டிரான்ஸ்பார்மர் உறுமி உயிர்த்தது.
முதலில் விளக்கு. அப்புறம் ஓ என்று பிள்ளைகள்.
அப்புறம் எல்லா வீட்டிலிருந்தும்
ஒரே முகப்பு இசை.
கம்பத்தின் மேலிருந்து ஒரு சன்னல் தெரிந்தது.
மருமகள் ஆஸ்பத்திரிக் கட்டிலில்.
மாமியார் கஞ்சி ஊட்டுகிறாள்.
அந்த மாமியாரா!
"என்னய்யா அசையாம நிக்கிற, ஷாக்கா?"
என்று கீழிருந்து போர்மேன் கத்தினார்.
"ஆமாங்க" என்றேன்.

போன வருசம் மகள் வெண்ணிலா
விட்டுப்போன அத்தனையையும் போனில் எடுத்துத் தந்தாள்.
கடிதமே இல்லை அது.
பழைய அடகுச் சீட்டு.
அதற்குப் பதினாறு நாள் அழுகை.
எதிர்வீட்டு ராஜகுமாரி எட்டிப்பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"இதுவா கதை?
கரண்டு இல்லாதப்ப ராத்திரி ராத்திரி
உங்க வீட்டு வாசல்ல மெழுகுவத்தி வச்சு
அஞ்சலாட்சி சொன்னாளே, அதுல்ல கதை.
தெருவே சாப்பிட்டுட்டு ஓடியாரும்.
மாமியா கதறுற அன்னிக்கு
எங்க வூட்டுக்காரரே மூக்கைச் சிந்துனாரு."

இருபத்து மூன்று இரவும்
நான் வேறெங்கோ கம்பத்தில்.

கேட்டேன்.
அரிசி களைந்துகொண்டிருந்தாள்.
"இருட்டுல என்னமோ வாய்க்கு வந்தது,
இப்ப யாருக்கு ஞாபகம்" என்றாள்.
கொஞ்சம் கழித்து,
"மாமியா பேரை மட்டும் மாத்திக்கிட்டேன்."
"என்ன பேரு?"
கழுநீரை ஊற்றப் போய்விட்டாள்.

தனவேலிடம் இதையெல்லாம் எங்கே சொல்ல.
ஒருத்தி பஸ் ஏறாமல் நிற்கிற படம் என்றேன்.
"படத்து பேரைச் சொல்லுங்கண்ணே,
தேடி எடுத்துத் தர்றேன்."
மழை விட்டிருந்தது.
ஏணியின் ஒரு முனையை அவன் தூக்கினான்,
மறுமுனையை நான்.