அரைக்குடம்

எத்தனை நிமிஷம் கழுவினீங்க என்று
மூன்றாவது முறை கேட்கிறார் பெரிய டாக்டர்.
தமிழில்தான் கேட்கிறார்.
புரியாதவன் மாதிரி நிற்கிறேன்.

வர்த்தூர் தகர ஷெட். ஏப்ரல்.
டாங்கர் வந்து நாலு நாளாகியிருந்தது.
புகையிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பு டியூப்
சட்டைப்பையிலிருந்து எப்போது விழுந்ததோ,
பற்பசை என்று நினைத்தாளோ சுபிக்ஷா,
சும்மாதான் அமுக்கினாளோ.
இரண்டரை வயது விரலுக்கு அத்தனை பலம்.
மூடி தெறித்தது எனக்குக் கேட்கவில்லை.
அவள்தான் கேட்டாள்.

நீரு ஹாக்ரி, நீரு, நீரு என்று
பக்கத்து ஷெட் ஜயம்மா கத்த
குடத்தைப் பார்த்தேன்.
அரைக்குடம்.
ராத்திரி உலைக்கு ஒரு சொம்பு,
விடிந்தால் மூன்று பேர் முகத்துக்கு,
மிச்சம் குடிக்க.
ஒரு கணம்தான்.
ஆனால் கணக்குப் போட்டேன்.

இரண்டு டம்ளர் ஊற்றினேன்.
மூன்றாவதைப் பாதியில் நிறுத்தி
ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

மாரத்தஹள்ளி பாலத்தடியில் ஐம்பது நிமிஷம்.
சுண்ணாம்புக்கு டிராஃபிக் கிடையாது.
மேல்இமையின் உள்மடிப்பில்
கட்டியாய் உட்கார்ந்து
அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் இமையைப் புரட்டிப் போட்டு
பஞ்சு சுற்றிய குச்சியால் வழித்தெடுத்தார்கள்.
பிறகு சலைன். பாட்டில் பாட்டிலாக.
ஏழு வரை எண்ணினேன்.
பிள்ளை கன்னத்தில் வழிந்து
ரப்பர் விரிப்பில் வழிந்து
தரையோடு போனது.
அவள் அலறிக்கொண்டிருந்தாள்.
நான் ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கு இருபத்து மூன்றாம் நாள்.
கருவிழி என்ற பெயர்
அவள் இடது பக்கத்துக்குப் பொருந்தாது.
ஓரமெல்லாம் வெளிறி, ரத்தம் வராமல்
வேகவைத்த மீனின் கண்.
இமை விழியோடு ஒட்டப் பார்க்கிறது என்று
களிம்பு தடவிய கண்ணாடிக் குச்சியை
தினம் நடுவில் விட்டு ஓட்டுகிறார்கள்.
நாலு பேர் பிடிக்க வேண்டியிருக்கிறது.

உள்ளே பிரஷர் ஏறுது, என்கிறார் டாக்டர்.
வெளியே போற வழி அடைச்சிருக்கு. புரியுதா?

அது புரிகிறது.
டவர் சி, இருபத்திரண்டு மாடி,
பைப்பில் பிரஷர் ஏற்றி
மீட்டர் முள்ளைப் பார்த்து நிற்பவன் நான்.
எங்கே அடைத்தால் எங்கே வீங்கும், தெரியும்.
அது முடிந்தால் ஒவ்வொரு வீடாக
ஒவ்வொரு பாத்ரூமாக
ஷவரைத் திறந்து பத்து நிமிஷம் ஓடவிட்டு
கசிகிறதா என்று தொட்டுப் பார்க்கணும்.
யாரும் குடிவராத வீடுகள்.
அன்று காலையில்கூட ஆறு வீடு பார்த்தேன்.
அறுபது நிமிஷத்துக்கு மேலே.

ஃபைலில் எழுதணும், சொல்லுங்க, என்கிறார்.

அரைமணி நேரம், என்கிறேன்.

பேனா எழுதுகிறது.
சங்கவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.
அவள் தோளிலிருந்து
தலையைக் கோழி மாதிரி ஒருக்களித்து
வலது கண்ணால்
என்னையே பார்க்கிறது குழந்தை.