பின்னிணைப்பு இரண்டு

முதலில் 'நான்' போனது.
'நான் பார்த்தேன்' என்றிருந்த இடமெல்லாம்
சிவப்பு மையில் ஒரு கோடு, அதன் தலையில்
'ஆய்வாளரால் கண்டறியப்பட்டது.'
சரி, போகட்டும்.
ராணிப்பேட்டை பஸ்ஸில் நின்றுகொண்டே போனதும்
தொழிற்சாலை வாசலில் நெடி தாங்காமல்
வாந்தி எடுத்ததும்
ஆய்வாளர்தானாம். எனக்கென்ன.

அடுத்து 'ரொம்ப' போனது.
அந்த இடத்தில் 'மிகவும்' வந்து உட்கார்ந்தது.
இரண்டாம் திருத்தத்தில் அதற்கும் கல்தா.
'நாறுது' என்பதை
'விரும்பத்தகாத மணம்' என்று மாற்றினேன்.
மணமா, என்று கேட்காமல்
நெறியாளர் டிக் அடித்தார்.

காட்பாடி ஸ்டேஷனுக்கு எதிர்ச்சந்தில்
ஷம்ஷாத் அக்காவின் டைப்பிங் கடை.
பக்கத்துக்குப் பதினெட்டு ரூபாய்,
அட்டவணை என்றால் இருபத்தைந்து.
ரயில் கடக்கையில் மேசை நடுங்கும்,
அவள் விரல் நிற்காது.
அன்றைக்கு நின்றது.
"இன்னாம்மா இது?
'கிணற்று நீர் பயன்பாட்டிற்கு
உகந்ததன்று என உணரப்படுகிறது'ன்னு எழுதிகீறே.
யாரு உணர்றாங்க?"

ரேணு.
தோல் ஊறும் தொட்டியில்
முழங்கால் நனைய பதினோரு வருடம் நின்றவள்.
"தண்ணி மஞ்சளா கீது.
சோறு வடிச்சா சோறும் மஞ்சளா கீது.
எலிமிச்ச சோறுன்னு நெனச்சிகினு
புள்ள இன்னும் கொஞ்சம் போடுங்குது"
என்று சொல்லிச் சிரித்தவள்.

அந்தச் சிரிப்பை என்ன செய்வது?
அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பு' என்று போட்டிருந்தேன்.
'தரவு அன்று' என்று ஓரத்தில் எழுதி வந்தது.

நான்காம் இயலில் ரேணு, தகவலாளர் ஏழு.
மஞ்சள், நிறமாற்றம்.
பிள்ளை, ஐந்து வயதுக்கு உட்பட்டோர் வரைபடத்தில்
கீழிருந்து மூன்றாவது புள்ளி.
"இது கையுறைம்மா" என்றார் நெறியாளர்,
"மேஸ்திரியே படித்தாலும் அவள் கை தெரியாது."
அவர் சொன்னது நியாயம்தான்.
தொட்டியில்தான் அவளுக்கு
யாரும் கையுறை தரவில்லை.

இதையும் எழுத வேண்டும், மறைக்கக் கூடாது:
திங்கட்கிழமை மனுநாளில்
மூன்று முறை போய் நின்றாள் ரேணு.
"தண்ணி மஞ்சளா கீது சார்."
"சரி சரி, போம்மா. அடுத்தது யாரு?"
நான்காம் முறை
என் இயலிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து
மனுவில் வைத்தோம்:
'நிலத்தடி நீரில் தொடர் நிறமாற்றம் கண்டறியப்பட்டுள்ளது.'
அதிகாரி சட்டைப்பையிலிருந்து
கண்ணாடியை எடுத்து மாட்டினார்.
நாற்காலியைக்கூடக் காட்டினார்.
அவள் உட்காரவில்லை.
கோட்டை அகழியோரம் டீ ஆறும்வரை
பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள்:
"அதையேதான நானும் சொன்னேன்?"

மேற்கோள் காட்ட என்னிடம் நூல் இல்லை.
பஸ்ஸுக்குச் சில்லறை தேடுவதுபோல
பையைக் குடைந்துகொண்டிருந்தேன்.

விதிமுறைகளை மறுபடி படித்தேன், வரி வரியாக.
நடை, செயப்பாட்டு வினை, அடிக்குறிப்பு எல்லாம்
இயல்களுக்குத்தான்.
பின்னிணைப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை.
அன்றிரவே ஒலிப்பதிவைக் காதில் மாட்டி,
இருமல், குக்கர் விசில், பக்கத்து வீட்டு நாய்
எதையும் விடாமல் எழுதினேன்.
ஷம்ஷாத் அக்கா அடிக்க அடிக்க
திரையில் ஒவ்வொரு சொல்லுக்கடியிலும்
சிவப்பு நெளிகோடு.
"மிஷினுக்கும் நெறியாளர் கீறாரு போல" என்றாள்.
அந்த இருபத்தாறு பக்கத்துக்கு
அவள் காசு வாங்கவில்லை.

வாய்மொழித் தேர்வில்
வெளியூர்த் தேர்வாளர் நான்கு இயலையும் பாராட்டினார்.
நடை செம்மையாக உள்ளது என்றார்.
பிறகு தடித்த புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டி,
"இங்கே 'கீது', 'கீது' என்று வருகிறதே,
தட்டச்சுப் பிழையா?"

நான் எழுந்து நின்றேன்.
"பிழையில்லை ஐயா.
'இருக்கிறது' என்று பொருள்."

"எது இருக்கிறது?"

"தண்ணி" என்றேன்.