ஆறு

முத்து விழா மலரில்
எனக்கு ஒதுக்கியது ஒரு பக்கம்:
'நமது முதல் கட்டிடம், நினைவிலிருந்து.'

முப்பது வருடமாய்
சம்பங்கி கன்ஸ்ட்ரக்ஷனில் கணக்கு எழுதுகிறவன்.
நினைவிலிருந்து எழுதிப் பழக்கமில்லை.
பீரோவின் அடித்தட்டில் கிடந்த
தொண்ணூற்று நாலாம் வருடத்துப் பேரேட்டைப் பிரித்தேன்.
பாதி கரையான்,
பாதி பெருவிரல் மை.

சத்துவாச்சாரி, நர்ஸ் சுகிர்தம் வீடு.
போர்டிகோ பீம் ஒன்றுக்கு
பதினாறு எம்.எம். கம்பி: ஆறு.
என் கையெழுத்துதான்.
'ஆ'வுக்குச் சுழியைப் பெரிதாகப் போடுவேன் அப்போது.

அந்த வீட்டின் முன்பாதி இப்போது இல்லை.
சர்வீஸ் ரோடு அகலமாகிறது.
இடிக்கிற வேலையும் நமக்கே கிடைத்தது,
குறைந்த தொகை கேட்டிருந்தோம்.

போன செவ்வாய், கத்திரி வெயில்.
பேரேட்டை மடித்துத் தலைக்குப் பிடித்து
எதிர்ச் சாரியில் நின்றேன்.
பிரேக்கர் குடைந்து குடைந்து
பீம் வாயைப் பிளந்தது.
பீகாரிலிருந்து வந்த பையன் குனிந்து
துருவைத் தட்டி எண்ணினான்,
எடைக்குப் போடுவதற்காக.
சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை.
விரல்களைக் காட்டினான்.

நாலு.

அது ஒரு சனிக்கிழமை.
பட்டுவாடாவுக்குப் பதினோரு பேர்
மணல் குவியலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.
கம்பி கட்டும் எல்லப்பனுக்கு
அன்று பெண் குழந்தை பிறந்திருந்தது.
சம்பங்கியின் சட்டைப் பையில்
நானூறு ரூபாய் குறைந்தது.
வளையல் ஏற்கெனவே சேட்டுக் கடையில்.

இரண்டு முழுக் கம்பியை
இரண்டாய் வளைத்து சைக்கிளில் கட்டி
சைதாப்பேட்டை இரும்புக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.
வால் ரோட்டில் உரசிக்கொண்டே போனது.
அந்தச் சத்தம் தெரு திரும்பிய பிறகும் கேட்டது.
விளக்கு வைக்கும் முன்
பதினோரு பேருக்கும் கூலி முழுசாய்.

அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
திங்கட்கிழமை தளம் போட்டார்கள்.
நான் ஆறு என்று எழுதினேன்.

இடித்தெடுத்த நாலும்
சைதாப்பேட்டைக்கே போயின,
இந்த முறை ரசீதோடு.

நேற்று மண்டபத்தில்
மகன் மைக் பிடித்தான். பெரிய திரை, டிரோன் படம்.
"இருநூற்றுப் பதினேழு கட்டிடங்கள்.
ஒரு கம்பி, ஒரே ஒரு கம்பி
குறைத்ததில்லை எங்கள் அப்பா."
கைதட்டல்.
அப்பா தன் விரல் மோதிரத்தைத்
திருகிக்கொண்டிருந்தார்.

முதல் வாடிக்கையாளர் என்று
சுகிர்தம் சிஸ்டருக்குப் பொன்னாடை, வெள்ளி டம்ளர்.
நரைத்த தலையை மைக்குக்குச் சாய்த்துச் சொன்னார்:
"ஒரு விரிசல் கிடையாது.
போர்டிகோ மேலே ஆயிரம் லிட்டர் டேங்க் வெச்சிருந்தேன்.
நைட் டூட்டி முடிஞ்சு வந்து
கட்டிலை அதுக்கு அடியிலதான் போடுவேன்,
அங்கேதான் காத்து வரும்.
மத்தியானம் வரைக்கும் அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம்."

ஆயிரம் லிட்டர்.
மலரின் ஓரத்தில் பென்சிலால்
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
டேங்க் எடை, சிமெண்ட் எடை, நாலு கம்பி,
கட்டிலில் ஒரு பெண்.
விடை வரும் முன்பே அழித்தேன்.

பந்தியில் பிரியாணிக்குக் கத்திரிக்காய்.
சம்பங்கி என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார்.
வெகுநேரம் எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"பக்கம் எழுதிட்டியா?"
"எழுதிட்டேன்."
"கம்பி இன்னா போட்ட?"
"ஆறு."
"ம்" என்றார்.
கத்திரிக்காய் வாளியை
என் இலைப் பக்கம் கை காட்டினார்.

காட்பாடி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.
பாலத்தின் முனையில் பச்சைப் பலகை:
பாலாறு.
எட்டிப் பார்த்தேன்.
கீழே மணல். முள் புதர்.
ஒருவன் நடுவில் நடந்து
அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தான்,
வேட்டியை மடித்துக்கூடக் கட்டாமல்.

அந்தப் பலகையை எழுதியவன்
நானில்லை.