நாற்பத்தொரு மில்லிமீட்டர்

எட்டு மாதிரிகள். முப்பது வருஷம்.
பகலில் வரிசை நீளம் என்பதால்
ராத்திரியில்தான் எனக்குக் கணினி கிடைக்கும்.
காலையில் வந்து
எது எவ்வளவு பொய் சொன்னது என்று பார்ப்பேன்.
அதுதான் என் ஆய்வு. அதற்குத்தான் உதவித்தொகை,
அதுவும் மூன்று மாதமாக வரவில்லை.

எவ்வளவு நேர்மையான பெயர் வைத்திருக்கிறோம்:
மாதிரி.
மழை மாதிரி.

ஒரு சதுரம் இருபத்தைந்து கிலோமீட்டர்.
மதுரை முழுக்க அதற்குள் அடங்கிவிடுகிறது,
கோயில், மத்திய சிறை,
வைகையில் மிச்சமிருக்கிற வைகை.
நாகமலைதான் இல்லை.
தேனி ரோட்டுப் பேருந்தில் ஜன்னலோடு கூடவே ஓடிவரும் மலை
சராசரியாகி,
பாய்க்கு அடியில் மறந்த பென்சிலாகக் கிடக்கிறது.

மூன்றாவது மாதிரி தினமும் தூறும்.
ஒன்று, ஒன்றரை, ஒன்று,
ஐப்பசி முழுக்க ஒரு நாள் தவறாமல்
தண்டலுக்குக் கட்டுகிற தவணைபோல.
மாதக் கூட்டுத்தொகை ஏறக்குறைய சரி.
சித்தம்பட்டியிலோ ஒரே ராத்திரியில் எண்பத்தாறு கொட்டிவிட்டு
பதினேழு நாள் எட்டிப் பார்க்கவில்லை.
'சராசரியில் நாற்று நட முடியாது' என்று
ஆய்வேட்டில் எழுதிவைத்தேன்.
நெறியாளர் பச்சை மையில் அடித்துவிட்டு
'சான்று?' என்று கேட்டிருந்தார்.

ஐந்தாவது உச்சிப்பொழுதிலேயே பெய்துவிடும்.
இங்கே மழை வருவது ஐந்தரைக்கு மேல்,
பெரியார் நிலையத்தில் கூட்டம் சேர்ந்தபிறகு,
குடை வீட்டில்தான் இருக்கிறது என்று
உறுதிசெய்துகொண்டு.

ஏழாவதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.
மேற்கு மலையைப் பாதி உயரத்துக்கு வெட்டிவிட்டது அது.
சதி ஒன்றும் இல்லை. சதுரம் பெரிது, அவ்வளவுதான்.
கேரளத்தில் நின்றுவிட வேண்டிய மேகம்
குட்டை மதிலை ஏறிக் குதிக்கிற பையனாக
இந்தப் பக்கம் வந்து
உசிலம்பட்டியில் பெய்கிறது.
ஆடியில்.
தூசியும் காற்றும் மட்டுமே வருகிற ஆடியில்
நாற்பத்தொரு மில்லிமீட்டர் கூடுதல்.
பிழை வரைபடத்தில் நீலம் என்றால் அதிகம்.
அந்தத் தாலுகாவை அத்தனை நீலமாக
நான் எந்த வரைபடத்திலும் பார்த்ததில்லை.

ஒரு வியாழக்கிழமை போய்ப் பார்த்தேன்.
அலுவலகத்துக்குப் பின்னால்
பிடித்துவைத்த மணல் லாரிகளுக்கு நடுவே மழைமானி.
சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்ன வாய்.
ஒச்சம்மா, என் வயதுதான், தினக்கூலி,
காலை எட்டரைக்குக் குடுவையில் ஊற்றி எழுதுகிறவர்.
தரவில் சுழியம் என்றிருந்த ஒரு தேதியைக் காட்டினேன்.
ஆறு மாதிரிகள் அன்று மழை என்றிருந்தன.

"பெஞ்சுச்சே. அங்கிட்டு, சந்தைப் பக்கம், முழங்காத் தண்ணி.
இங்கிட்டு ஒரு பொட்டு இல்ல.
உள்ள விழாத மழைய நான் எப்படிங்க எழுதுறது?"

அந்தச் சின்ன வாயை உண்மை என்று வைத்துத்தான்
எட்டுக்கும் மதிப்பெண் போட்டிருந்தேன்.

கிளம்பும்போது கேட்டார், ஆடிக்கு என்ன சொல்லுது உங்க மிஷினு.
சொன்னேன். தப்பு என்றும் சொன்னேன்.
"இருந்துட்டுப் போகட்டுமே" என்று
மானியின் மூடியில் இருந்த புழுதியைத்
துப்பட்டாவால் துடைத்தார்.

ராத்திரி பிழைதிருத்தம்.
ஒரு வரி நிரல், அதில் ஒரு கழித்தல் குறி.
முப்பது ஜூலைகளிலிருந்து
நாற்பத்தொன்று நாற்பத்தொன்றாக எடுத்தேன்.
நீலம் வெளுத்தது. மதிப்பெண் ஏறியது.
நெறியாளர் மகிழ்வார்.

திருத்தாத பிரதி ஒன்றை
வேறு பெயரில் போட்டுவைத்திருக்கிறேன்.
ஆய்வேட்டில் வராது, யாருக்கும் பயனில்லை.
வட்டில் இடமில்லை, வேண்டாததை அழிக்கவும் என்று
திரையின் ஓரத்தில் ஒரு பெட்டி
வந்து வந்து போகிறது.

நாளைக்குப் பார்க்கலாம்.