மூன்றாவது மாடியின் எடை

பலகை வளைந்ததை முதலில் பார்த்தவள் அமலி.
"அம்மா, நடுத்தட்டு சிரிக்குது."
ஏதோ எந்திரத்தைச் சுமந்து கப்பலில் வந்த பலகை,
பின்பக்கம் கொரிய எழுத்து இன்னும் இருக்கிறது.
யார்டில் ஏலம் எடுத்து
கல்மண்டபம் நிறுத்தத்திலிருந்து
தோளில் தூக்கி வந்தார் இருதயராஜ்.
எந்திரத்துக்குத் தாங்கியது
நாவல்களுக்குத் தாங்கவில்லை.

ஒன்றரை அறை எங்களுக்கு.
அரை என்பது சமையல்.
அரிசி டிரம்மின் மேல் கட்டுரைகள்.
சிலிண்டர் பக்கம் எதையும் வைக்கக் கூடாதென்று
நான் போட்ட சட்டத்தை நானே மீறி
கவிதைகள், மெலிசு என்பதால்.
வாஷிங் மெஷினைத் திறக்க
பதினோரு மொழிபெயர்ப்புகளை இறக்க வேண்டும்.
இறக்கியதில் ஒன்றைப் பிரித்து
அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடுவேன்.
ஞாயிற்றுக்கிழமைத் துணி
செவ்வாய்க்குப் போனது இப்படித்தான்.

பழையவற்றின் மேல்விளிம்பு கறுப்பு.
துறைமுகத்தில் கரி இறங்கிய காலத்தில் வாங்கியவை.
வெள்ளை விளிம்பென்றால் அதற்குப் பிறகு.
அமலி வெள்ளை விளிம்புக்காரி.

இவர் பையைத் தூக்கிப் பார்த்தாலே தெரியும்,
காலி டிபன் பாக்ஸுக்கு அந்த எடை கிடையாது.
"பிளாட்பாரத்துல நனைஞ்சிட்டு கெடந்துச்சு" என்பார்
நாய்க்குட்டியைக் கொண்டுவந்தவர் மாதிரி.
மே மாதத்தில்.

ஐம்பது போக வேண்டும் என்று தீர்மானம்.
சாக்கு விரித்தோம்.
முதல் ஒரு மணி நேரத்தில் விழுந்தவை
காலாவதியான வினா வங்கி இரண்டு,
ஒரு வயரிங் கையேடு.
அப்புறம் சண்டை.

ஒரே நாவல் இரண்டு இருந்தது.
கல்யாணத்துக்கு முன்னால் நான் வாங்கியது ஒன்று,
அவர் வாங்கியது ஒன்று.
ஒன்றைத் தள்ளலாம், சுலபக் கணக்கு.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
நான் கோடிட்ட அதே வரிக்கு
அவர் பிரதியிலும் கோடு.
பக்கத்தில் பென்சிலில்: பொய்.
பதினாறு வருஷக் குடித்தனம்,
இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.
அதன் கீழே அமலியின் நீல ஜெல் பேனா:
'அப்பா, அவள் பொய் சொல்லல. பயந்திருக்கா.'

நான் சிவப்புப் பேனா தேடப் போனேன்.
திரும்புவதற்குள்
எது சாக்குக்குள் போனதென்று
யாரும் கவனிக்கவில்லை.

கொழுந்தன் லூர்துக்குக் காசிமேட்டில் சலூன்.
"கொட்டிக் குடு அண்ணி,
ஒரு பேப்பரை நாலு பேரு கிழிச்சுப் பங்கு போடறான்."
முப்பத்தேழு போனது. ஐம்பது ஆகவில்லை.
நடுத்தட்டு சிரிப்பை நிறுத்தவுமில்லை,
பலகைக்குப் பழகிவிட்டது.

மூன்றாம் வாரம் ராத்திரி ஒன்பதுக்குக் கதவு தட்டல்.
கழுத்தில் வெட்டின முடி, பவுடர் வாசனை,
நூல் சுற்றிய மூக்குக்கண்ணாடி.
மூன்று மாடி ஏறிய மூச்சோடு ஒருவர்
விரலை அடையாளமாக வைத்து நாவலைப் பிடித்திருந்தார்.
"லூர்து அட்ரஸ் குட்த்தாரு. பேரு கஸ்பார்.
இதுல பொய்னு எழுதனது யாரு?"

இருதயராஜ் கையைத் தூக்கினார்,
வகுப்பில் மாட்டிக்கொண்டவர் போல.

"எட்டு நாளு கடல்ல இருந்தேன் சார்.
வலைய போட்டுட்டு இதத்தான் நெனச்சினு இருந்தேன்.
பயந்தவ பொய் சொல்லமாட்டாளா?
ரெண்டும் ஒண்ணாத்தான் வரும்."

உட்காரச் சொன்னோம்.
நாற்காலியில் ஏற்கெனவே ஆறு பேர்.
ஆறையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.
அமலி விடவில்லை. அவரும் விடவில்லை.
பால் பொங்கி அடுப்பு அணைந்ததை
பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னாள்.

கிளம்பும்போது மடியில் இருந்ததில் இரண்டைக் கேட்டார்.
நாவலைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.
நீலத்துக்குக் கீழே
பால்பாயிண்டில் ஏதோ எழுதியிருந்ததை
தூரத்திலிருந்து பார்த்தேன், படிக்க முடியவில்லை.

கதவைச் சாத்திவிட்டுக் கூட்டினேன்.
முப்பத்தொன்பது.
"இன்னும் பதினொண்ணு" என்றேன்.
இருதயராஜ்
சாப்பாட்டுப் பையைக் காலால் மெதுவாகக்
கட்டிலுக்கடியில் தள்ளினார்.