ஈரம் கழித்த எடை

நுவேவா பல்மீரா துறைமுக எடைமேடையில்
முப்பத்தெட்டு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன்.
லாரி ஏறும், முள் நடுங்கும், நிற்கும்.
சோயாவில் தண்ணீர் தெளித்துக் கொண்டுவருபவனை
டயர் அமுங்குவதைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.
ஒரு பிடி அள்ளி அழுத்தினால்
பொய் உள்ளங்கையில் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது குளியலறையில் ஒரு சின்னத் தராசு.
காலையில் சிறுநீர் கழித்த பிறகு, மாத்தே பருகுமுன்,
உள்ளாடையோடு ஏறி நின்று
நோட்டில் எழுதவேண்டுமாம்.
நர்ஸ் யமண்டூ சொல்லிவிட்டுப் போனான்.
அவனுக்கும் தொப்பை இருக்கிறது.

செவ்வாய், எண்பத்தொன்று நானூறு.
புதன், எண்பத்திரண்டு முன்னூறு.
வியாழன் எண்பத்துமூன்றைத் தாண்டியது.
வெள்ளி, எண்பத்துநான்கு இருநூறு.
என்ன தின்றேன்? பசியே இல்லை.
அரை ரொட்டி, ஒஃபேலியா உப்பில்லாமல் வைத்த
அந்தப் பூசணிச் சூப்.
தராசுக்குத்தான் கிறுக்கு என்றேன்.

டாக்டர் எத்செவெரியா போன மாதம் கேட்டதற்கெல்லாம்
லாரிக்காரர்கள் எனக்குச் சொல்லும் தொனியிலேயே
பதில் சொன்னேன்.
புகை? எப்போதோ விட்டாயிற்று.
(எப்போதோ என்பது போன குளிர்காலம்.)
ரத்தக்கொதிப்பு மாத்திரை? தவறாமல்.
சர்க்கரை? ஏதோ, கொஞ்சம்.
அறுபத்துமூன்று வயதில் ஒரு நெஞ்சுவலி.
அறுவடை நேரம், வரிசையில் நூற்றிருபது லாரி.
இரண்டு மணிநேரம் பல்லைக் கடித்தபடி
சீட்டுக் கிழித்துக் கொடுத்தேன்.
வாயு என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.
அன்றே இதயத்தின் ஒரு மூலை செத்துப்போனதை
இப்போது எடுத்த படம் சொல்கிறது.
பக்கத்து அறையில் ஒஃபேலியா
என் குறட்டை நின்று மறுபடி தொடங்கும்வரை
இருட்டில் எண்ணிக்கொண்டு கிடப்பாளாம்.
அதையும் அவள்தான் டாக்டரிடம் சொன்னாள்.
முழங்கால் வலிக்கு நானாக வாங்கி விழுங்கும்
வெள்ளை மாத்திரையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
அது முழங்கால் சமாச்சாரம்தானே.

தராசைச் சோதிக்க வழி இருந்தது.
வேலையைவிட்டு வரும்போது எடுத்துவந்த
முத்திரை குத்திய இருபது கிலோ இரும்புக் கட்டி,
கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது.
குளியலறை பதினொரு அடி.
மூன்று இடத்தில் நின்றேன்.
மூன்றாவது இடத்தில் சுவரில் நெற்றியைச் சாய்த்து
மூச்சு வருகிறதா என்று காத்திருந்தேன்,
பாலம் திறக்கக் காத்திருக்கும் வண்டியைப் போல.

கட்டியை ஏற்றினேன்.
இருபது. சுத்தமாக இருபது.

தொட்டி விளிம்பில் உட்கார்ந்து
கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலை அழுத்தினேன்.
குழி விழுந்தது.
விரலை எடுத்தபிறகும் குழி அப்படியே இருந்தது.
எனக்குத் தெரியாத சரக்கா இது?
இந்த ஈரத்தை எத்தனை பேருக்குக் கழித்திருப்பேன்,
எத்தனை வண்டியைத் திருப்பி அனுப்பியிருப்பேன்!

நோட்டில் வெள்ளிக்கிழமைக்குப் பக்கத்தில்
பழைய வழக்கப்படி ஒரு கோடு இழுத்து
‘ஈரம், ஏறக்குறைய மூன்று கிலோ’ என்று எழுதினேன்.
கையெழுத்தும் போட்டேன்.
பிறகு ஒஃபேலியாவைக் கூப்பிட்டேன்.
பாதிப் பெயர்தான் வெளியே வந்தது.
அவள் அதற்குள் போனை எடுத்துவிட்டாள்.

காரில் ஜன்னலை முழுக்க இறக்கச் சொன்னேன்.
ஆற்றுக்காற்று. தூரத்தில் ஒரு கப்பல் சரக்கேற்றிக்கொண்டிருந்தது.
சட்டைப்பையில் என்ன சத்தம் என்றாள்.
வெள்ளை மாத்திரை டப்பாவை எடுத்து
மடியில் வைத்தேன்.
‘சரக்குச் சீட்டு’ என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
கியரை மாற்றினாள்.